முளைப்பாரி ரூமில் ஒரு குருவி ஜோடி

எங்கள் வீதியில் கேஸ் குழாய் பதிக்கிறோம் என்று பள்ளம் தோண்டிவிட்டு, மூடாமல் அப்படியே போட்டுப் போனார்களே, அந்த வருஷம் நடந்தது இது. வருஷத்தின் எண் எனக்கு ஞாபகத்தில் தங்காது. பள்ளம் தங்கியிருக்கிறது. எதிர்வீட்டு ஆடு அதில் விழுந்தது. நாலைந்து பேர் சேர்ந்து தூக்கப் போனார்கள். தூக்கப் போனவர்களில் ஒருவர் உள்ளே சறுக்கிவிட, ஆடு அவர் முதுகில் கால் வைத்து ஏறி வந்து, மேலே நின்று அவரையே எட்டிப் பார்த்தது. அதனால் எங்கள் வீதியில் இன்றைக்கும் ‘ஆடு விழுந்த வருஷம்’ என்றால்தான் புரியும். மாரியம்மன் கோவிலுக்குக் கும்பாபிஷேகம் வைத்ததும் அதே வருஷம். சோமனூரிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர்.

பள்ளத்து மண் வீதியோரம் குவிந்து கிடந்தது. மனிதர்களுக்கு அது ரோதனை. சிட்டுக்குருவிகளுக்கு யோகம். வெயில் சுள்ளென்று ஏறியதும் ஒரு ஜோடி வந்து அந்த மண்ணில் இறங்கும். ஆணுக்குக் கழுத்துக்குக் கீழே கறுப்புத் தாடி. பெட்டைக்கு உடம்பெல்லாம் புழுதி நிறம், கண்ணுக்குப் பின்னால் வெளிறிய ஒரு கோடு. பெட்டை வயிற்றை மண்ணில் அரைத்து அரைத்து ஒரு குழி செய்யும். பிறகு இறக்கையால் மண்ணை வாரி முதுகில் போட்டுக் குளிக்கும். அது முடிக்கிறவரை ஆண் பக்கத்தில் நின்று நாலு திக்கும் பார்த்துக்கொண்டிருக்கும். தன் முறை வந்ததும் புதுக்குழி தோண்டாது. பெட்டை செய்து வைத்த குழியிலேயே சொகுசாக இறங்கிவிடும்.

என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, “ஏனுங்க, அப்படியே உங்களாட்டமே இருக்குதுங்க. நாங் காய வெக்கற சுடுதண்ணியில நீங்க போயி ஊத்திக்கறீங்கல்ல” என்றாள்.

“காவலுக்கு நின்னுதே, அது கண்ணுக்குத் தெரியலியா அம்மிணி?”

“நீங்க என்னிக்குங்க காவலுக்கு நின்னீங்க?”

நான் குருவிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நான் மீசை அரும்பியதிலிருந்து மீசை நரைக்கிறவரை விசைத்தறி ஓட்டியவன். தறி ஷெட்டில் ஒருத்தரோடு ஒருத்தர் கையாலும் உதட்டாலும்தான் பேசிக்கொள்வோம். அந்தச் சத்தத்தில் காது ஒரு மாதிரி கெட்டுப்போகும். முழுச் செவிடு ஆகாது. தடித்த சத்தம் விழும், மெல்லிய சத்தம் விழாது. பஸ் ஹாரன் கேட்கும், கொசு கேட்காது. பேரப்பிள்ளைகள் போனில் பேசினால் பாதி கேட்கும், பாதியை நானே இட்டுக்கட்டிக்கொள்வேன். குருவி கத்துவது எனக்குக் கேட்டு வெகு காலம் ஆகிவிட்டது. வாய் திறந்து மூடுவது மட்டும் தெரியும், சத்தத்தை நிறுத்தி வைத்த டி.வி. மாதிரி. அதனாலேயே நான் குருவியைக் கண்ணால் நன்றாகப் பார்க்கப் பழகினேன். வேலையை விட்ட பிறகு வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தால், எனக்கு அதுதான் பொழுது.

எங்கள் வீட்டை ஒட்டி ஒரு ஓட்டு ரூம் இருக்கிறது. முன்னே என் மனைவி அதில்தான் தார் மெஷின் போட்டு, தறிக்கு வேண்டிய நூலைச் சுற்றிக் கொடுப்பாள். மெஷினை விற்ற பிறகு ரூம் காலி. ஒரு கதவு, உச்சியில் சிமெண்ட் ஜாலி வைத்த ஒரு வெண்டிலேட்டர், அவ்வளவுதான். அந்த ஜோடி குடித்தனம் பார்த்தது அங்கேதான்.

இடத்தைப் பிடித்தது ஆண். ஜாலியின் ஓட்டையில் உட்கார்ந்து நாள் முழுக்க வாயைத் திறந்து திறந்து மூடும். பெட்டை வரும், உள்ளே போகும், வெளியே வந்து திரும்பிக்கூடப் பார்க்காமல் பறந்துவிடும். ஆண் அசராது. மறுபடியும் அழைப்பு. பெட்டை மறுபடி வரும், இன்னொரு ஓட்டை வழியாக நுழையும், ஏதோ குறை கண்ட மாதிரி தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டுப் போகும். பெண் பார்க்கப் போய் வீடு வாசல் விசாரிக்கிற ஒறம்பரை சொந்தபந்தங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இந்தப் பெட்டை அளவுக்குத் துருவிப் பார்த்த ஆளைப் பார்த்ததில்லை.

ஒத்துக்கொண்ட பிறகு வேலை மளமளவென்று நடந்தது. ஆண் ஒரு நாள் விளக்குமாற்றுக் குச்சி ஒன்றைத் தூக்கி வந்தது. நடுவில் பிடித்திருந்ததால் ஓட்டைக்குள் போகாமல் இரண்டு பக்கமும் இடித்தது. பின்னால் போய் மறுபடி முட்டும், மறுபடி இடிக்கும். எத்தனை முட்டு முட்டியது என்கிறீர்கள்! பெட்டை உள்ளிருந்து தலையை நீட்டி, குச்சியின் நுனியைப் பிடித்து ஒரே இழுப்பு. குச்சி சர்ரென்று உள்ளே போய்விட்டது. ஆண் வெறும் வாயோடு கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. அதற்குப் பிறகு அது கொண்டு வந்த துரும்பையெல்லாம் கவனித்தேன், நுனியைப் பிடித்தே கொண்டு வந்தது. பக்கத்துக் கோழி முதுகிலிருந்து இறகு பிடுங்கிய கதையும் உண்டு. உதிர்ந்த இறகு தரையில் கிடக்க, சூடாறாத இறகுதான் வேண்டும் என்று கோழியின் மேலேயே குதித்தது. கோழி வீதி முனை வரை துரத்தியது. இறகை மட்டும் வாயிலிருந்து விடவில்லை.

பிறகு கொஞ்ச நாள் வருவதும் போவதும் குறைந்துபோனது. கட்டிய கூட்டை விட்டுவிட்டு வேறு இடம் போய்விட்டது என்று நான் நினைத்தேன். வீட்டில் எல்லோரும் அப்படியே நினைத்தார்கள். அடை காக்கிற குருவி கம்மென்றுதான் இருக்கும் என்பது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை.

இந்த நேரத்தில்தான் கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்தார்கள். நானும் நாற்காலியை விட்டுவிட்டுக் கோவில் வேலையாக அலைந்ததில் குருவிப் பக்கம் பார்க்கவில்லை. எங்கள் வீதி சார்பில் முளைப்பாரி. முளைப்பாரிக்குப் பொறுப்பு என் கூடப் பிறந்த அக்கா, என் மனைவிக்கு நங்கையா. பக்கத்து வீதியில் இருக்கிறாள். அவள் வார்த்தைக்கு எங்கள் வீதிப் பெண்கள் மறுவார்த்தை பேசமாட்டார்கள், நானும் பேசமாட்டேன். அவள் வந்து வீடு வீடாகப் பார்த்துவிட்டு, எங்கள் தார் ரூம்தான் தோது என்றாள்.

என் மனைவிக்குக் கால் தரையில் பாவவில்லை. அவள் எத்தனையோ கோவில் நோம்பிக்கு முளைப்பாரியைத் தலையில் வைத்துக்கொண்டு போயிருக்கிறாள். ஆனால் எங்கள் வீட்டில் ஒரு தடவைகூட வளர்த்ததில்லை. கும்பாபிஷேகமோ பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை. “அடுத்ததுக்கு நாம இருப்பமோ என்னமோங்க. இந்த ஒரு வாட்டி நல்லபடியா வந்துட்டாப் போதும்” என்று சொல்லிக்கொண்டே ரூமைச் சாணி போட்டு வழித்தாள்.

முளைப்பாரி வளர்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். மண்சட்டியில் எருவும் மண்ணும் பரப்பி, நவதானியத்தை ஊற வைத்து விதைப்பார்கள். பிறகு அதைக் கும்மிருட்டில் வைக்க வேண்டும். வெளிச்சமே படக்கூடாது. இருட்டில்தான் முளை வெளிச்சத்தைத் தேடித் தேடி உயரமாக, மஞ்சள் கிழங்கு நிறத்தில் கிளம்பும். வெளிச்சம் பட்டால் பச்சை ஓடி, குட்டையாக நின்றுவிடும். அப்படி நின்றால் ஊருக்கு ஆகாது என்பார்கள், வளர்த்த வீட்டைப் பற்றியும் நாலு வார்த்தை பேசுவார்கள். விரதம் இருக்கிற பெண்கள் குளித்துவிட்டு உள்ளே போய்த் தண்ணீர் தெளித்து வருவார்கள். ஆண்பிள்ளை அந்த ரூமுக்குள் காலை வைக்கக்கூடாது, எட்டியும் பார்க்கக்கூடாது.

ஒரு நாள் வெடியால, விடிந்தும் விடியாமல், வீதிச் சட்டிகள் எல்லாம் உள்ளே வந்தன. விதைத்தார்கள். பந்தல்காரர் ஏணி போட்டு, வெளிப்பக்கமிருந்து வெண்டிலேட்டரில் சாக்கை மடித்து ஆணி அடித்துவிட்டுப் போனார். கதவும் சாத்தியாயிற்று. என் மனைவி மஞ்சள் சேலையோடு வாசலில் கோலம் போட்டாள்.

நான் நாற்காலியில் வந்து உட்கார்ந்தேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அப்போது அந்த ஆண் குருவி வந்தது. வாயில் பச்சைப் புழு. நேராக வெண்டிலேட்டருக்குப் போய்ச் சாக்கில் மோதியது. நகத்தால் சாக்கைப் பிடித்துத் தொங்கியது, சறுக்கியது, கரண்ட் கம்பிக்குப் போய் உட்கார்ந்தது. திரும்ப வந்து சாக்கில் தொங்கியது. பெட்டையும் வந்து சேர்ந்தது. அதன் வாயிலும் ஏதோ பூச்சி, கால்கள் வெளியே துடித்துக்கொண்டு. இரண்டும் மாறி மாறி அந்தச் சாக்கில் போய் விழுந்துகொண்டிருந்தன, தறியில் ஊடு நூலை இழுத்துக்கொண்டு நாடா போய் வருகிற மாதிரி.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இடம் போன குருவி என்றால் கொஞ்ச நேரம் அல்லாடிவிட்டுப் போய்விடும். தனக்காகப் பிடித்த புழு என்றால் விழுங்கிவிடும். இவை போகவும் இல்லை, விழுங்கவும் இல்லை. வாயில் இரையைப் பிடித்தபடியே முட்டுகின்றன. அப்போதுதான் எனக்கு உறைத்தது. உள்ளே வாய் திறந்து கிடக்கிறது ஏதோ.

“அம்மிணி, ஒருக்கா இங்க வா” என்றேன்.

“கோலம் போடறனுங்க.”

“கோலத்தப் போட்டுட்டு வா. கதவுல காத வெச்சுக் கேளு. எனக்குக் கேக்காது.”

அவள் ஈரக் கையோடு போய்க் கதவில் காதை வைத்தாள். முகம் மாறியதைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

“ஐயோ சாமி. குஞ்சு கத்துதுங்க. ஒண்ணு இல்லீங்க, ரெண்டு மூணு இருக்குமாட்ட இருக்குது.”

“எப்படிக் கத்துது?”

“எப்படீன்னா? பசிக்குக் கத்தறாப்பிடித்தானுங்க கத்தும்!”

அக்காவைக் கூப்பிட்டோம். வந்தாள். வந்ததும் விஷயத்தைக் கேட்டுவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

“சாக்க எடுக்கறதா? வெதச்ச அன்னிக்கேவா? ஏண்டா தம்பி, உனக்கு என்ன புத்தி கெட்டுப்போச்சா? வெளிச்சம் பட்டுப் பச்சையாகி நிக்கட்டும்ங்கறயா?”

“இல்லீங்கக்கா. உள்ள குஞ்சு இருக்குது. பொழுதுக்குள்ள தீனி போகலீன்னா செத்துப்போகுங்கக்கா.”

“குருவி உள்ள வந்தா முளையக் கொத்தாதா? மேல எச்சம் போடாதா?”

“சாமி ரூமுக்குள்ள குஞ்சு செத்துக் கெடந்தா மட்டும் நல்லா இருக்குங்களா?” என்று கேட்டது நான் இல்லை. என் மனைவி. அக்காவை அவள் எதிர்த்துப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. “நங்கையா, இந்த முளைப்பாரி நல்லா வரோணும்னு என்னையவிட ஆருக்குங்க ஆசை? ஆனா அந்தச் சத்தத்தக் கேட்டுப்போட்டு நான் எப்படீங்க தண்ணி தெளிக்கறது? நீங்களே கேட்டுப் பாருங்க.”

அக்கா கதவில் காதை வைத்தாள். வெகு நேரம் எடுக்கவே இல்லை. எடுத்தபோது அவளுக்குச் சுருதி இறங்கியிருந்தது.

“அட கெரகமே. நெசமாலுமே கத்துதே. செரி, இப்ப என்ன பண்றது? முளையும் கெடக்கூடாது, குஞ்சும் சாகக்கூடாது. வழி சொல்லு.”

துணியைத் திரையாகக் கட்டலாம் என்றேன். எங்கள் ஊரில் துணிக்கா பஞ்சம்? ஆனால் தறியில் ஓடுகிறது எல்லாம் காடாத் துணி. வெளுப்பு, வெளிச்சம் ஊடுருவும். கறுப்பாக, கெட்டியாக ஏதாவது வேண்டும். என் மனைவி உள்ளே போய்க் குடையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். எங்கள் ஊரில் குடை நனைந்ததைவிடக் காய்ந்ததுதான் அதிகம். மழைக்குப் பிடித்ததாக எனக்கு ஞாபகமே இல்லை, எல்லாம் வெயிலுக்குத்தான். வளைந்த மரப்பிடி போட்ட பெரிய கறுப்புக் குடை.

“இத வெண்டிலேட்டருக்கு நேரா, உள்பக்கம் செவுத்தப் பாத்தாப்பிடி விரிச்சுக் கட்டிட்டா? வர்ற வெளிச்சமெல்லாம் குடைக்குள்ளயே நின்னுக்கும். குருவி பாட்டுக்குக் குடைக்கு அந்தப் பக்கம் வந்து போகட்டும். எச்சம் போட்டாலும் குடையில உழுகும்.”

அக்கா குடையையும் பார்த்தாள், அவளையும் பார்த்தாள். “குடையக் கொண்டு போயி முளைப்பாரி ரூம்புல கட்டறதா? கேட்டா சிரிப்பாங்க” என்றாள். பிறகு அவளே, “சிரிக்கட்டும். சாமிக்கே குடை புடிக்கறோம், குருவிக்குப் புடிச்சா என்னவாம்? மஞ்சத் தண்ணியில கழுவிக் கொண்டா. வெதை இன்னும் மண்ணுக்குள்ளதான் தூங்குது, சித்த நேரம் வெளிச்சம் பட்டா ஒண்ணும் ஆகாது. ஆனா ஒண்ணு. முளை பச்சையானா நீதான் ஊருக்குப் பதில் சொல்லோணும் அம்மிணி.”

“சொல்றனுங்க” என்றாள் என் மனைவி. முளைப்பாரி நல்லபடியாக வர வேண்டும் என்று அவள் எவ்வளவு ஆசைப்பட்டாள் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் அந்த ஒரு வார்த்தை இன்னும் காதில் நிற்கிறது.

உள்ளே நான் போகக்கூடாது. அக்காவுக்கு முட்டி வலி, மேலே ஏற முடியாது. என் மனைவிதான் பழைய மேஜையைப் போட்டு அதன் மேல் முக்காலி போட்டு ஏறினாள். நான் கதவுக்கு வெளியே முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றேன்.

“மேல தார் மெஷினுக்கு ஒயர் இழுத்த கொக்கி இருக்கும் பாரு. அதுல கட்டு.”

“பாத்துட்டனுங்க. கூடு இங்கயேதானுங்க இருக்குது, செவுத்து மேல. வாயப் பாருங்க, அட அட, வாய் பூராச் செவப்பு!”

“நான் எங்க பாக்கறது? திரும்பக்கூடாதே!”

“திரும்பாதடா” என்றாள் அக்கா உள்ளிருந்து.

குடை விரித்து, ஓரச் சந்துகளில் பழைய துணியைத் திணித்து முடித்தார்கள். நான் வெளியே போய்த் தொரட்டியால் சாக்கை இழுத்துப் போட்டேன். கம்பியில் இருந்த இரண்டும் அதைப் பார்த்தன. பிறகு நடந்ததை நான் வெளியே பார்த்தேன், அவள் உள்ளே பார்த்தாள். இரண்டையும் சேர்த்தால்தான் கதை.

முதலில் ஆண் போனது. ஜாலியில் உட்கார்ந்து உள்ளே எட்டிப் பார்த்து, பயந்து பின்வாங்கியது. எத்தனையோ பூனையையும் காக்கையையும் விரட்டிய வீரன், ஒரு குடைக்குப் பயந்துவிட்டான். பெட்டை கம்பியிலேயே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு ஜாலியில் நின்ற ஆணை ஒதுக்கிக்கொண்டு விருட்டென்று உள்ளே போய்விட்டது. வெளியே வந்தபோது அதன் வாய் காலி.

அந்த நேரத்தில் உள்ளேயிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள். “குடுத்துருச்சுங்க! குடைப்புடி மேல உக்காந்து பாத்துச்சுங்க, அப்புறம் தாவிப் போயி ஊட்டிருச்சுங்க!”

ஆண் அதற்குப் பிறகும் இரண்டு மூன்று தடவை வாசலோடு திரும்பியது. அப்படித் திரும்பும்போது வாயிலிருந்த புழுவைப் பெட்டையிடம் கொடுத்தது, பெட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனது. பொழுது சாய்வதற்குள் ஆணுக்கும் பயம் தெளிந்துவிட்டது. அதன் பிறகு அந்தக் குடைப்பிடியை அது தன் ஆசனம் ஆக்கிக்கொண்டது என்று என் மனைவி சொல்வாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பேச்சே இதுதான். தண்ணீர் தெளிக்கப் போகும்போதெல்லாம் அவள் குடையோரம் ஒதுங்கி நின்று பார்த்துவிட்டு வருவாள். நான் வெளியே பார்த்ததைச் சொல்வேன், அவள் உள்ளே நடந்ததைச் சொல்வாள். ஊட்டி முடித்துத் திரும்பும்போது வெள்ளையாக என்னவோ கவ்விக்கொண்டு போகிறதே, தூரத்தில் கொண்டு போய்ப் போடுகிறதே என்று எனக்குச் சந்தேகம். “குஞ்சோட எச்சமுங்க. தோல் சுத்துனாப்பிடி உருண்டையா வருது. அப்படியே வாயில வாங்கிட்டுப் போகுதுங்க. ஆம்பளையும் எடுக்குது, பொம்பளையும் எடுக்குது” என்றாள். அப்புறம் என்னை ஒரு பார்வை பார்த்தாள். எங்கள் பிள்ளைகளுக்கு நான் கால் கழுவிவிட்ட கதை எதுவும் கிடையாது. நான் வெளியே பார்க்க எழுந்து போய்விட்டேன்.

ஒரு நாள் காலையில் முகம் வாடி வந்தாள். குஞ்சு ஒன்று கூட்டிலிருந்து தவறிக் குடைக்குள் விழுந்து கிடக்கிறதாம். குடை இல்லாவிட்டால் நேரே தரைக்குத்தான் வந்திருக்கும். எடுத்துக் கூட்டில் வைக்கலாமா, கை பட்டால் தாய் சேர்க்காது என்பார்களே என்று அவளுக்குக் குழப்பம். நான் சொன்னேன், கொஞ்சம் பொறு, அதுகள் என்ன பண்ணுகின்றன என்று பார்ப்போம்.

அதுகள் பண்ணியதை இன்றைக்கும் நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது. ஆண் இரையோடு வந்து கூட்டில் இருந்ததுகளுக்கு ஊட்டியதாம். பெட்டை வந்து, குடைப்பிடி வழியாகக் குடையின் உள்கம்பியில் இறங்கி, குடைக்குள் கிடந்ததுக்கு ஊட்டியதாம். அடுத்த நடையிலும் அப்படியே. நாள் முழுக்க அவள் போய்ப் பார்த்த நேரமெல்லாம் மேல்வீடு ஆணுக்கு, கீழ்வீடு பெட்டைக்கு. யார் பேசி வைத்தது, எப்போது பேசியது? ஷெட்டில் நாங்கள் உதடு அசைத்துப் பேசிக்கொண்டோம், அதுகூட இங்கே நான் பார்க்கவில்லை. குஞ்சைத் தொட வேண்டி வரவே இல்லை.

முளையும் கிளம்பியது. இருட்டுக்குள் மஞ்சளாக, உயரமாக. ஆனால் குடைக்கு அருகே இருந்த ஒரு சட்டி மட்டும் சந்து வழியாகக் கசிந்த வெளிச்சத்தைக் கண்டுபிடித்துவிட்டது. அதன் முளையெல்லாம் குடைப் பக்கம் சாய்ந்து, நுனியில் லேசாகப் பச்சை பிடித்தது. என் மனைவிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. சட்டியைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தாள். பச்சை போகவில்லை.

கும்பாபிஷேகத்துக்கு முன்னே முளைப்பாரி எடுக்கிற நாள் வந்தது. குஞ்சுகளுக்கு இறகு வந்துவிட்டது, பறக்க இன்னும் இரண்டொரு நாள் ஆகும் போல இருந்தது. எங்கள் பக்கம் வழக்கம் என்னவென்றால், தப்பட்டையும் மேளமும் வாசலுக்கே வந்து அடிக்கும், பெண்கள் ரூமுக்கு முன்னால் கும்மி கொட்டுவார்கள், அப்புறம்தான் கதவு திறக்கும். அந்த அதிர்ச்சியில் குஞ்சு அரைகுறையாகக் குதித்துவிட்டால் கூட்டத்தில் மிதிபட்டுப் போகுமே என்று எனக்கு நடுக்கம். அக்காவிடம் சொல்ல வாய் வரவில்லை. குடை கட்ட ஒத்துக்கொண்டதே பெரிசு.

அவளே முன்னால் வந்தாள். வீதி முனையில் மேளக்காரர்களை மறித்து நிறுத்தினாள்.

“இங்கயே நில்லுங்க. நாங் கை காட்டறவரைக்கும் ஒரு அடி அடிக்கப்படாது.”

“ஏனுங்கக்கா, வாசல்ல அடிக்கறதுதானுங்க முறை?”

“ஊட்டுல கொழந்தை தூங்குது” என்றாள்.

பெண்கள் கும்மியையும் வீதி முனையிலேயே கொட்டினார்கள். முளைப்பாரிச் சட்டிகள் சத்தமில்லாமல் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. மஞ்சள் மஞ்சளாக, ஆளுக்கு ஆள் உயரம் பார்த்து வாயைப் பிளந்தார்கள். கடைசியில் அந்தச் சாய்ந்த சட்டி. என் மனைவி அதைத் தூக்கப் போனாள், பதில் சொல்கிறேன் என்று ஏற்றுக்கொண்டவள் அவள்தானே. அக்கா அதைப் பிடுங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டாள்.

பின்னால் வந்த ஒருத்தி, “ஏனுங்க பெரியம்மா, உங்களுது மட்டும் வெயில் காயப் போயிருச்சுங்களா? பச்சை அடிக்குது?” என்று கேட்டாள்.

“ஆமா கண்ணு. அம்மனுக்குப் பச்சை ஆகாதுன்னு உங்கிட்ட வந்து சொன்னாளா? நடையப் பாத்து நட, பள்ளம் இருக்குது” என்றாள் அக்கா. அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. என் மனைவி அவளுக்குப் பின்னால் முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

கும்பாபிஷேகம் முடிந்து ஊர் அடங்கிய பிறகு ஒரு காலையில், ரூம் காலிதானே, இனி நானும் உள்ளே வரலாமா என்று கேட்டேன். “வேண்டாமுங்க. நீங்க உங்க எடத்துலயே இருங்க. நான் உள்ள இருந்தாத்தான் சொல்ல முடியும்” என்றாள். நாற்காலியில் உட்கார்ந்தேன். பெற்றது இரண்டும் கம்பியில் இருந்தன. வாயில் இரை, ஆனால் உள்ளே போகவில்லை. ஜாலியைப் பார்த்து வாயைத் திறந்து திறந்து மூடின. உள்ளே நாலைந்து தடவை சிறகு அடிக்கிற சத்தம் என்று பிறகு அவள் சொன்னாள்.

“போயிருச்சுங்க!” என்று அவள் உள்ளே கத்தினாள்.

“வந்துருச்சு!” என்று நான் வெளியே கத்தினேன்.

வாய் ஓரம் மஞ்சள் மாறாத ஒரு குஞ்சு ஜாலியில் நின்று, உலகத்தைப் பார்த்துத் திகைத்து, அப்படியே கீழே விழுகிற மாதிரி வந்து, மண்ணுக்கு ஒரு சாண் மேலே இறக்கை பிடித்துக்கொண்டு எதிர்வீட்டு முருங்கையில் போய் ஒட்டியது. பெட்டை பின்னாலேயே போய் ஊட்டியது. அடுத்தது, அடுத்தது. குடைக்குள் விழுந்த குஞ்சுதான் கடைசி என்று அவள் சொன்னாள். அது குடைப்பிடியில் ஏறி நின்று வெகு நேரம் யோசித்ததாம். ஆண் ஜாலி வரை வந்து, புழுவைக் காட்டிக் காட்டி, கொடுக்காமல் பின்னால் நகர்ந்து நகர்ந்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தது. அப்படிப் பின்னால் நகர்ந்ததை நான் பார்த்தேன். இப்படி ஒரு பொறுமை எனக்கு வாய்த்திருந்தால் என் மகன் சைக்கிள் பழகியபோது அவ்வளவு அடி வாங்கியிருக்க மாட்டான்.

உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பக்கமும் முளைப்பாரி போடுவார்கள், ரூம் தேடுவார்கள், வெண்டிலேட்டரை அடைப்பார்கள். நான் போய் ஒவ்வொரு வீட்டிலும் சொல்ல முடியாது, எழுதிப் போடவும் தெரியாது. நீங்கள் உங்கள் வீட்டுப் பெண்களிடம் சொல்லுங்கள், அவர்கள் பக்கத்து வீட்டில் சொல்லட்டும். சாக்கை அடிக்கிறதுக்கு முன்னால் ஒரு தடவை, நல்ல காது உள்ளவர் யாராவது, உள்ளே நின்று சத்தம் போடாமல் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றும் கேட்கவில்லை என்றாலும், ஒரு காலைப்பொழுது வெளியே உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். அடை காக்கிறது கம்மென்று இருக்கும்.